வயலும் அடுப்படியும் வேதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆராதனை முடிந்து வெளியே செருப்பைத் தேடும்போதும், நடவு நாளில் வரப்பில் உட்கார்ந்து டீ குடிக்கும்போதும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. நான் போதகர் அல்ல. பொறையாறு பக்கத்தில் கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் சபைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவன். வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே எடுத்திருக்கிறேன். கத்தோலிக்க வாசகர்கள் அதே அதிகாரங்களைத் தங்கள் விவிலியத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

அன்றாடக் காரியங்களில் ஆவிக்குரிய பாடம் பார்ப்பது என்றால் என்ன? எதைக் கண்டாலும் ஒரு வசனம் சொல்வதா?

இல்லை. வசனம் சொல்ல எல்லாருக்கும் வரும், பார்க்கத்தான் வருவதில்லை. மலைப்பிரசங்கத்தில் இயேசு பறவைகளைப் பற்றிப் பேசும்போதும் காட்டுப்பூக்களைப் பற்றிப் பேசும்போதும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்: "கவனித்துப்பாருங்கள்" (மத்தேயு 6:26, 28). அந்தக் குருவி என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை, அந்தப் பூ எப்படி வளருகிறது என்று முதலில் பார்க்கச் சொல்கிறார். கவலைப்படாதிருங்கள் என்று முன்பே சொன்னதை, பார்க்கவைத்த பிறகு மறுபடியும் சொல்கிறார் (6:25, 31).

எரேமியாவிடம் கர்த்தர் "நீ என்னத்தைக் காண்கிறாய்" என்று கேட்கிறார். வாதுமை மரத்தின் கிளை என்கிறான். "நீ கண்டது சரியே" என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் கர்த்தர் மேலே பேசுகிறார் (எரேமியா 1:11, 12). கண்டது சரியாக இருந்தால்தான் கற்பதும் சரியாக இருக்கும். நான் இந்தப் பக்கத்தில் சொல்ல வருவதில் பாதி இதுதான். மறுபாதி, அந்தப் பாடம் யாருக்கு என்பது. அது பின்னால் வரும்.

விவசாயிக்கு வேலையிலேயே தேவன் கற்றுக்கொடுப்பார் என்று வேதத்தில் எங்கே இருக்கிறது?

ஏசாயா 28-ம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியைப் படியுங்கள். டெல்டாக்காரர்கள் இதை ஏன் சுவரில் எழுதி மாட்டவில்லை என்று எனக்கு ஆச்சரியம். உழுகிறவன் விதைக்காமல் எந்நேரமும் உழுதுகொண்டே இருப்பானா என்று கேட்டு ஆரம்பிக்கிறது. எதை எங்கே எப்படி விதைப்பது என்று அவனுக்குத் தெரிகிறதே, அதைச் சொல்லிக்கொடுத்தது அவனுடைய தேவன் என்கிறது. அதற்கடுத்து 27-ம் வசனம்: "உளுந்து கோலினாலும், சீரகம் மிலாற்றினாலும் அடிக்கப்படும்." மிலாறு என்றால் சிறு குச்சி.

உளுந்து! சின்ன வயதில் இதை வாசித்தபோது ஏசாயா எங்கள் ஊர்க்காரர் என்றே நினைத்தேன். மூலமொழியில் உள்ளது கருஞ்சீரகத்தைப் போன்ற ஒரு சிறு விதை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அதற்கு உளுந்து என்று போட்ட மொழிபெயர்ப்பாளருக்கு நம்மூர்க் களம் தெரிந்திருக்க வேண்டும். சம்பா அறுவடைக்குப் பிறகு தரிசில் விளையும் உளுந்தைச் செடியோடு பிடுங்கி, களத்தில் காயவைத்து, கோலால் தட்டித்தான் எங்கள் அம்மா உதிர்த்தார்கள். நெற்கதிரை ஓங்கி அடிக்கலாம், மாடு கட்டிப் போரடிக்கலாம். உளுந்தை அந்தப் போடு போட்டால் பருப்பாக உடைந்துபோகும். எதற்கு எவ்வளவு அடி என்று அம்மாவின் கைக்குத் தெரியும். தட்டிவிட்டு ஒரு பிடி அள்ளிப் பார்ப்பார்கள், மறுபடி தட்டுவார்கள்.

ஏசாயா இதைச் சொன்னது சிட்சையைப் பற்றிப் பேசும் இடத்தில். யூதாவுக்கு வரும் அடி கணக்கில்லாத அடி அல்ல, தானியத்துக்குத் தக்க அடி என்கிறார். என் பெரிய மகனுக்கும் சின்ன மகனுக்கும் ஒரே குரலில் கத்திக்கொண்டிருந்த நான், ஒரு பங்குனி மாதத்தில் அம்மா களத்தில் உட்கார்ந்து உளுந்து தட்டுவதைப் பார்த்தபோதுதான் அந்த வசனத்தைக் கேட்டேன். அதுவரை அதை வாசித்திருந்தேன், அவ்வளவே.

எங்கே ஆரம்பிப்பது?

உங்கள் கை தினமும் தொடுகிற வேலையில். ஒரு உதாரணம் சொல்கிறேன்.

நட்டு இருபது நாள் போல ஆனதும் களையெடுக்க ஆள் விடுவோம். அப்போது கோரையைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. குதிரைவாலிப் புல்தான் ஏமாற்றும். இளசில் அது நெல்லைப் போலவே நிற்கும், சொல்லப்போனால் நெல்லைவிடச் செழிப்பாக நிற்கும். பத்து வயதில் நானும் களையெடுக்கிறேன் என்று இறங்கி, கை நிறையப் பிடுங்கிக்கொண்டு பெருமையாக நிமிர்ந்தேன். பாதி நெல். "தம்பி, நீ வரப்புல ஏறு சாமி" என்று ஒரு அக்கா என்னை மேலே அனுப்பிவிட்டார். பிறகு ஒரு குத்தைப் பிடித்துக் காட்டினார். நெல்லில் தாள் தண்டோடு சேருகிற இடத்தில் சின்னதாக ஒரு சவ்வு இருக்கும். குதிரைவாலியில் அது கிடையாது, மொழுக்கென்று இருக்கும்.

இப்போது மத்தேயு 13-ஐ எடுங்கள். கோதுமைக்குள் சத்துரு களையை விதைக்கிறான். வேலைக்காரர் பிடுங்கட்டுமா என்கிறார்கள். எஜமான், கோதுமையும் சேர்ந்து வேரோடு வந்துவிடும், அறுப்புமட்டும் இரண்டும் வளரட்டும் என்கிறான். அங்கே சொல்லப்படும் களையும் கதிர் வரும்வரை கோதுமையைப் போலவே இருக்கும் ஒரு புல்தான். "ஐயா, நாம மட்டும் களையெடுக்கிறோமே, அப்ப இயேசு சொன்னது?" என்று வாலிபர் கூட்டத்தில் ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. இயேசு விவசாயம் சொல்லிக்கொடுக்கவில்லை. நிலம் உலகம், அறுக்கிறவர்கள் தூதர்கள் என்று அவரே விளக்கம் சொல்கிறார். சபையில் எவன் நெல், எவன் புல் என்று பிடுங்க இறங்குகிறவனுக்குத்தான் அந்த உவமை. அந்த அக்காவுக்கு இருந்த கண் நமக்கு இல்லை, வரப்பில் ஏறு என்கிறது. இதைச் சாக்காக வைத்துக்கொண்டு என் மனதில் உள்ள களையை நான் விட்டுவைத்தால் அது வேறு ஏமாற்று.

வேலையைத் தெரிந்தவனுக்கு வசனத்தில் இவ்வளவு கூடுதலாகக் கிடைக்கும். தெரியாதவன் 'களை என்றால் பாவம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவான்.

எனக்கு வயல் இல்லை. நாள் முழுக்க அடுப்படிதான். அங்கே என்ன இருக்கிறது?

இயேசு பரலோகராஜ்யத்தை ஒப்பிட்டதே மாவு பிசைந்த ஒரு பெண்ணின் வேலைக்குத்தானே. கொஞ்சம் புளித்த மாவை மூன்று படி மாவில் அவள் அடக்கி வைத்தாள், எல்லாம் புளித்தது (மத்தேயு 13:33). இட்லிக்கு அரைத்து வைக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அரைத்து, உப்புப் போட்டு, கையால் கலக்கி மூடி வைத்துவிட்டுப் படுக்கிறீர்கள். சித்திரையில் விடிவதற்குள் பொங்கி வழிகிறது. மார்கழிப் பனியில் பாத்திரத்தைத் துணியில் சுற்றி அடுப்புப் பக்கத்தில் வைத்தாலும் அசையமாட்டேன் என்கிறது. அதே கை, அதே உளுந்து. உங்கள் பங்கு எதுவரை, அதற்குப் பிறகு யாருடைய வேலை என்பது உங்களுக்குப் பிரசங்கியாரைவிட நன்றாகத் தெரியும்.

அதே புளித்த மாவை வேதம் கெட்டதற்கும் சொல்கிறதே? ஒரே பொருளுக்கு இரண்டு பாடம் எப்படி?

சரியாகப் பிடித்தீர்கள். "பரிசேயர் சதுசேயர்" உபதேசத்தைப் புளித்த மாவு என்று சொல்லி எச்சரித்தவரும் அதே இயேசுதான் (மத்தேயு 16). பவுலும், கொஞ்சம் புளித்த மா பிசைந்த மா முழுவதையும் புளிப்பாக்கும் என்று கொரிந்து சபையில் கண்டும் காணாமல் விட்ட பாவத்துக்குச் சொல்கிறார்.

மாவுக்குச் சொந்தமாக ஒரு உபதேசமும் கிடையாது. அது செய்கிற வேலை ஒன்றுதான்: கொஞ்சமாக உள்ளே போய் முழுவதையும் மாற்றுவது. அந்த வேலையை எடுத்து வேதம் இரண்டு இடத்தில் இரண்டு உண்மையைக் காட்டுகிறது. ஆகவே பொருளிலிருந்து புதிதாக ஒரு உபதேசத்தை யாரும் கிளப்பக் கூடாது. வேதம் வேறு இடத்தில் தெளிவாகச் சொன்னதை நம் கண்முன் நிறுத்திக் காட்ட மட்டுமே பொருள் உதவும். வேதத்தில் எங்குமே இல்லாத ஒன்றைத் தென்னைமரம் உங்களுக்குச் சொன்னால், சொன்னது தென்னைமரம் அல்ல.

மேட்டூர் தண்ணீருக்குக் காத்திருப்பதைப் பற்றி வேதத்தில் ஏதாவது உண்டா?

உபாகமம் 11. இஸ்ரவேலரிடம் மோசே சொல்கிறார்: நீங்கள் விட்டுவந்த எகிப்தில் கீரைத்தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறதுபோல் காலால் நீர்ப்பாய்ச்சினீர்கள். போகப்போகிற தேசமோ "வானத்தின் மழைத்தண்ணீரைக் குடிக்கும் தேசம்". நாம் எந்தப் பக்கம்? ஆற்றுப் பாசனம், வாய்க்கால், மடை. வரப்பில் உடைப்பெடுத்தால் சேற்றைக் காலால் தள்ளித்தானே அடைக்கிறோம்! ஊர் அமைப்பில் நாம் எகிப்து மாதிரி. ஆறு வந்தால் எல்லாம் வரும், ஆறு வராவிட்டால் ஒன்றுமில்லை.

ஜூன் 12 என்று நாள் குறித்து வைத்திருக்கிறோம். 2022-ல் மே 24-ம் தேதியே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். அணையின் முழு மட்டம் 120 அடி. அந்த எண்ணைத் தினமும் பேப்பரில் பார்ப்பதே எங்கள் காலை ஜெபம்போல் ஆகிவிட்ட வருஷங்கள் உண்டு. அங்கேதான் உபாகமம் என்னைத் தடுத்தது. அணை மட்டத்தைப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் அந்த ஆற்றுக்கும் மேலே மழை இருக்கிறது, குடகு மலையில் பெய்யாமல் காவிரி இல்லை. எகிப்துக்காரன் தலையைக் குனிந்து வாய்க்காலையே பார்த்துப் பழகிவிட்டான். இஸ்ரவேலனை நிமிர்ந்து பார்க்கும்படியான ஊரில் தேவன் கொண்டுபோய் வைத்தார்.

இதில் இன்னொன்றும் உண்டு, அது மனதைக் குத்துவது. கல்லணையில் திறந்துவிட்ட தண்ணீர் வேதாரணியம், தலைஞாயிறு பக்கத்துக் கடைமடைக்குப் போய்ச் சேருவது கடைசியில்தான். போகிற வழியில் தேவைக்குமேல் மடையைத் திறந்து வைத்திருக்கிற ஒவ்வொருவனும் அந்தக் கடைசி வயலிலிருந்து எடுக்கிறான். "கடைமடைக்காரர்களே, பிந்தினோர் முந்தினோராவார்கள், பொறுத்திருங்கள்" என்று அவர்களுக்குப் பிரசங்கம் செய்யலாம். அது அநியாயமான பிரசங்கம். அந்த வசனத்தை மேல்மடையில் இருப்பவன் தன்னிடம் சொல்லிக்கொண்டு, எழுந்துபோய்த் தன் மடையை அடைக்க வேண்டும்.

அப்படியானால் பாடம் எப்போதும் எனக்குத்தானா? அடுத்தவருக்கு உதவட்டும் என்று சொல்லக் கூடாதா?

கேட்டால் சொல்லலாம். கேட்காதபோது மிகவும் யோசிக்க வேண்டும்.

கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குள் ஒரு ஊசியைச் செருகி நெல் எடுப்பார்கள், குத்தூசி என்போம். மேலே இருக்கிற நெல் எவ்வளவு காய்ந்திருந்தாலும் நடு மூட்டையில் இருப்பது அதில் வந்துவிடும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மறுபடி காயவைக்கச் சொல்வார்கள். ஒரு வருஷம் மழைக்குப் பயந்து, சரியாகக் காயாத நெல்லையும் காய்ந்ததோடு கலந்து மூட்டை பிடித்தேன். ஊசி இறங்கியபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எபிரெயர் 4:12 அன்றிரவு தானாக வந்தது. தேவனுடைய வார்த்தை "உருவக்குத்துகிறதாயும்" இருக்கிறது என்று எழுதியிருக்கிறதே, அந்த வார்த்தையை அதற்குமுன் நூறு தடவை வாசித்திருப்பேன்.

அந்த ஊசி என் மூட்டையில் இறங்கியதால் எனக்குப் பாடம். அதே ஊசியைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்து மூட்டைகளைக் குத்தப் புறப்பட்டால் நான் கற்றது எதுவுமில்லை.

சுனாமி, கஜா புயல் இவற்றில் தேவன் என்ன பாடம் சொன்னார்?

இந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை பதில் சொன்னேன். இன்றுவரை அதற்காக வருந்துகிறேன்.

2018 நவம்பர் 16-ம் தேதி விடியற்காலையில் கஜா கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்புகள் மொத்தமாகச் சாய்ந்தன. அங்கே உறவுக்காரர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா காலத்தில் வைத்த மரங்கள் வேரோடு கிடக்க, அவர் ஒரு மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தார். "மாமா, மணலில் கட்டின வீடு, கன்மலையில் கட்டின வீடு என்று ஆண்டவர் சொன்னாரே" என்று ஆரம்பித்தேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய் எனக்கு ஒரு இளநீர் வெட்டிக்கொண்டு வந்து கொடுத்தார், விழுந்த மரத்தின் காய். அதைக் குடிக்க என்னால் முடியவில்லை.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினம் கடற்கரை முழுக்கச் சாவு. வேளாங்கண்ணிக்கு யாத்திரை வந்தவர்களும் கடற்கரையில் மாண்டார்கள், பேராலயம் நின்றது. கோயிலைக் காப்பாற்றினார் பாருங்கள் என்று சிலர் சொன்னார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அதைக் கேட்டால் என்ன நினைப்பாள் என்று யோசிக்காமல் சொன்ன வார்த்தை அது. பாவத்துக்குத் தண்டனை என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களுக்கு இயேசுவே பதில் சொல்லியிருக்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்களே, எருசலேமில் உள்ள மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகளோ என்று கேட்டு, அல்ல என்கிறார் (லூக்கா 13:4, 5). கேட்டுக்கொண்டிருந்தவர்களைத்தான் மனந்திரும்பச் சொன்னார். செத்தவர்களைக் கொண்டு அவர் பாடம் நடத்தவில்லை.

ஆகவே பெருந்துயரத்தின் முன் என் வழி இதுதான்: சோறு கொண்டுபோவது, கூட உட்காருவது, வாயை மூடிக்கொள்வது. லாசருவின் கல்லறைக்கு வருமுன் இயேசு கண்ணீர்விட்டார். தாம் என்ன செய்யப்போகிறார் என்று தெரிந்திருந்தும் அழுதார். பல வருஷம் கழித்து அந்த மாமாவே தம் வாயால் ஒன்றைச் சொன்னால் அது வேறு. அது அவருடைய சாட்சி, என்னுடைய உதாரணம் அல்ல.

பஸ்ஸைத் தவறவிட்டேன், பல்லி கத்தியது, வசனக் காலண்டரில் இந்த வசனம் வந்தது. இவை தேவனுடைய அடையாளமா?

பஸ்ஸைத் தவறவிட்டால் பொறுமையைக் கற்கலாம், சீக்கிரம் கிளம்பவும் கற்கலாம். அந்த வேலைக்குப் போகாதே என்று தேவன் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாடம் கற்பது வேறு, சகுனம் பார்ப்பது வேறு. பல்லியைச் சபைக்குள் கொண்டுவர வேண்டாம்.

ஆடிப்பெருக்குக்கு அக்கம்பக்கத்தார் ஆற்றுக்குப் போகிறார்கள். அதிலும் நமக்குப் பாடம் உண்டா?

அவர்களுடைய வழிபாட்டை எடுத்து நம் வசதிக்கு உருவகம் செய்வது மரியாதையாகாது. ஆனால் புதுத் தண்ணீரைக் கண்டு ஒரு ஊரே சந்தோஷப்படுவதைப் பார்த்து எனக்கு வெட்கம் வந்ததுண்டு. நான் மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறவன். லீஸ்திரா ஊராரிடம் பவுல், மழையையும் செழிப்பான காலங்களையும் தந்து தேவன் தம்மைப் பற்றிச் சாட்சி விளங்கச் செய்தார் என்று பேசினார் (அப்போஸ்தலர் 14:17). அடுத்த வீட்டு அக்கா கொடுத்தனுப்பும் தேங்காய்ச் சாதத்தைச் சாப்பிடலாமா என்பது ஒவ்வொருவர் மனச்சாட்சிக்கு. உறவை மட்டும் முறித்துக்கொள்ளாதீர்கள்.

பிள்ளைகளுக்கு இதை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து விரலால் எழுதித் தமிழ் கற்றார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு அங்கேயே 1715-க்குள் அச்சாகி முடிந்தது. ஊர் மண்ணில் விரல் வைக்காமல் அந்தப் புத்தகம் வந்திருக்காது. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) குறவஞ்சியையும் ஏற்றப்பாட்டையும் எடுத்து அவற்றில் சுவிசேஷத்தைப் பாடினார். தண்ணீர் இறைக்கிறவனின் பாட்டே கீர்த்தனையாயிற்று.

நான் செய்வது சின்னது. நாற்றுப் பறிக்கும் நாளில் பிள்ளைகளை அழைத்துப்போய், பிடுங்கிக் கட்டின நாற்றுமுடியையும் நட்ட வயலையும் காட்டுவேன். நட்ட சில நாளுக்கு நாற்று வெளுத்துச் சாகப்போவதுபோல் நிற்கும். அடுத்த வாரமும் கூட்டிக்கொண்டு போவேன், அப்போது பச்சை பிடித்திருக்கும். நான் ஒன்றும் விளக்குவதில்லை. அப்பாவுக்கு வேலை மாறியதால் வேறு ஊரிலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்த ஒரு பெண்பிள்ளை, போன வருஷம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம், "நான் இன்னும் பச்சை பிடிக்கலம்மா" என்றாளாம். அந்த அம்மா அதை என்னிடம் சொல்லி அழுதார்.

வேலைக்காகத் திருப்பூரில் இருக்கிறேன். இங்கே வயலும் இல்லை, ஆறும் பார்க்கும்படி இல்லை. எனக்கு?

என் நெல்லைக் கடன் வாங்காதீர்கள். இயேசு கடனைப் பற்றியும், கூலியைப் பற்றியும், கட்டட அஸ்திவாரச் செலவைப் பற்றியும் பேசினார். தையல் மெஷினில் நூல் அறுவது ஏன் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அதை ஒரு வாரம் கவனித்துப்பாருங்கள், பிறகு எனக்குச் சொல்லுங்கள்.

பல நாள் ஒன்றுமே தோன்றுவதில்லை. வேதம் வாசித்தாலும் வறட்சிதான். என்ன செய்வது?

தோன்றவேண்டும் என்று கசக்காதீர்கள். மாற்கு 4-ல் ஒருவன் விதைத்துவிட்டு இரவில் தூங்குகிறான், பகலில் விழிக்கிறான். "அவனுக்குத் தெரியாதவிதமாய்" விதை முளைக்கிறது. அவன் செய்தது விதைத்ததும் தூங்கினதும்தான், அதற்காக இயேசு அவனைக் குறை சொல்லவில்லை. நீங்கள் வாசியுங்கள், வேலையைச் செய்யுங்கள், தூங்குங்கள்.

உளுந்தை நாங்கள் தெளிப்பது சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கிற கதிருக்குள்ளேயே. கீழே ஈரம் இருக்கும்போதே விழ வேண்டும். அதன்மேல் அறுவடை நடக்கும், மிஷின் ஏறி இறங்கும். பிறகு தண்ணீரும் பாய்ச்ச மாட்டோம், மண்ணின் மிச்ச ஈரமும் தைப்பனியும்தான். எங்கள் வயலில் தெளித்து இன்றைக்கு நாலாவது நாள். காலையில் கதிரை விலக்கிக் குனிந்து பார்த்தேன், சேறுதான் தெரிந்தது. மிஷினுக்குச் சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை வருகிறது.